உன் கையெழுத்தில் என் வார்த்தை

என் பிடிவாதக்காரி விஜயாவுக்கு,

நம் ரம்யாவுக்கு பர்ஸ்ட் குரூப் கிடைத்துவிட்டது. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு, பயாலஜி. எல்கேஜியிலிருந்து படித்த அதே பள்ளிக்கூடத்திலேயே ப்ளஸ் ஒன். பக்கத்துக் கடை இக்பால் பாய், அதுதான் வாட்ச் ரிப்பேர் பாய், ஜாங்கிரி வாங்கி வந்து என் வாயில் திணித்தார்.

"இன்னா சார், பொண்ணு டாக்டராவறதுக்கு டிக்கெட்டு எட்த்துகினு வந்துட்ச்சு. நீ இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வச்சிகினு கீற?" என்று கேட்டார்.

ஜாங்கிரியை மென்று விழுங்கினேன். இரண்டு நாளாக எனக்குள் இறங்கியது அது ஒன்றுதான். என் மூஞ்சி ஏன் இப்படி இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நீதான். அதனால்தான் நீ போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் கழித்து, முதல் தடவையாக உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். தாம்பரத்தில் பாதிப் பேருடைய எழுத்தை நகல் எடுத்துக் கொடுப்பவன் நான். சொந்தமாக நாலு வரி எழுதக் கை வரவில்லை. தப்பிருந்தால் வழக்கம்போல் திட்டிக்கொள்.

அந்த எல்கேஜி ஃபார்ம் உனக்கு ஞாபகம் இருக்கும். ரம்யாவுக்கு மூன்றரை வயது. நான் விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்று வாங்கி வந்தேன். குன்றத்தூர் மலையேறி முருகன் காலடியில் வைத்து எடுத்து வந்த பிறகுதான் பேனாவையே தொட விட்டேன். நீ உட்கார்ந்து முத்து முத்தாக நிரப்பினாய். அப்பா பெயர், அம்மா பெயர், தாய்மொழி, போட்ட தடுப்பூசி. எல்லாவற்றையும் எழுதிவிட்டு ஒரே ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டாய். குழந்தையின் எதிர்கால லட்சியம் என்ன என்று கேட்டிருந்த கட்டம்.

ஆபீஸ் ஜன்னலில் இருந்த அம்மா ஃபார்மைத் திருப்பித் தள்ளினார். "இது காலியா இருக்கு மேடம். ஃபில் பண்ணிக் குடுங்க."

"அது அவ பெரியவளாகி அவளே எழுதிக்குவா மேடம்," என்றாய் நீ. "இப்போதைக்கு அவ லட்சியம் ராட்டினம் சுத்தறதுதான். அதை எழுதட்டுமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜன்னல் அம்மா சிரிக்கவில்லை. உன் இடுப்பில் குழந்தை சிணுங்குகிறது, கடை திறக்க நேரமாகிவிட்டது, சீட்டு கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம் வேறு. "டாக்டர்னு எழுதித் தொலையேன். யாரு வந்து பாக்கப் போறா?" என்றேன்.

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். பிறகு பேனா மூடியைக் கழற்றி எழுதினாய். எழுதிக்கொண்டே சொன்னாய்: "நீங்க சொல்றீங்களேன்னு எழுதறேன். பின்னால பொண்ணு வந்து கேட்டா உங்களைத்தான் கை காட்டுவேன்."

நம் பதினோரு வருஷக் குடித்தனத்தில் நீ என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு நாள்தான். அன்றைக்கென்று பார்த்து ஏன் விஜயா கேட்டாய்?

ஒரிஜினலோடு ஒரு நகலும் வேண்டும் என்றார்கள். ஜெராக்ஸ் கடைக்காரன் புத்தி, நான் இரண்டாக எடுத்து ஒன்றை ஃபைலில் போட்டு வைத்தேன். அதை அப்போதே மறந்தும் போனேன்.

நீ போன மூன்றாவது மாதம் ரம்யா அந்த ஃபைலைக் குடைந்திருக்கிறாள். நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். நீ போனதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. அன்று ஸ்கூல் விட்டு நேராகக் கடைக்கு ஓடி வந்தாள். கையில் அந்த நகல். "அப்பா, அம்மா நான் டாக்டராகணும்னு எழுதி வச்சிருக்காப்பா!" என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் பல்லைப் பார்த்தேன். "இது கிழியாம இருக்கணும். லேமினேட் பண்ணிக் குடு."

கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் பாட்டுப் பாடுகிறவன் நான். "சார், மார்க் ஷீட்டை லேமினேட் பண்ணாதீங்க. அப்புறம் அதுல ஒரு சீல் கூட வைக்க முடியாது. ஒட்டினா ஒட்டினதுதான், பிரிக்கவே முடியாது." ஊருக்குத்தான் உபதேசம். என் மகள் நீட்டிய காகிதத்தை வாங்கி, கவரில் வைத்து, மெஷின் சூடாகும்வரை காத்திருந்து, ஒரு குமிழ் கூட விழாமல் ஒட்டிக் கொடுத்தேன். தன்வினை தன்னைச் சுடும் என்பார்கள். எனக்கு அது லேமினேஷன் மெஷினில் சுட்டது.

அப்போதே சொல்லியிருக்கலாம். "இது அம்மா ஆசை இல்லம்மா, அப்பா அவசரத்துல சொன்னது" என்று ஒரே வரி. ஆனால் அன்று சாயங்காலம் அவள் நாலு தோசை சாப்பிட்டாள் விஜயா. தோசையை எண்ணிக்கொண்டே நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்சம் தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அந்தப் பிறகு வர ஆறு வருஷம் ஆயிற்று.

இடையில் என்னவெல்லாம் நடந்தது தெரியுமா? அபாகஸ் போனாள். ஸ்போக்கன் இங்கிலீஷ் போனாள். ஆறாவதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குரோம்பேட்டைக்கு ரயிலேறிப் போய் மெடிக்கல் ஃபவுண்டேஷன் கிளாஸ். நான் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாவற்றுக்கும் அவளே நோட்டீஸைக் கொண்டு வந்து நீட்டுவாள். இந்த ஊரே அப்படித்தான் ஓடுகிறது இப்போது. போன வாரம் ஒரு அம்மா கத்தை நிறைய ஒர்க் ஷீட் கொண்டு வந்தார், இன்ஜினியரிங் ஃபவுண்டேஷனாம். பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டேன். யூகேஜி. "அதுக்குள்ளயாம்மா?" என்றேன். "நாங்களே லேட்டுன்னு சொல்றாங்க சார்," என்றார். முகத்தில் உண்மையான கவலை. அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கத்தையை நகல் எடுத்துக் கொடுத்தேன்.

ரம்யாவுக்குக் கணக்கு உன்னைப் போல. விடையை எழுதிவிட்டுத்தான் கேள்வியை முழுசாகப் படிப்பாள். பயாலஜிதான் ஏறவில்லை. சும்மா ஏறவில்லை என்றால் பரவாயில்லை. டெஸ்ட் அன்று காலையில் இட்லியைத் தொட மாட்டாள். தொட்டாலும் வாசல் தாண்டுவதற்குள் வாந்தி. "வயிறு சரியில்லப்பா" என்பாள். வயிறு பயாலஜி டெஸ்ட் அன்றைக்கு மட்டும்தான் சரியில்லாமல் போகும். ஃபவுண்டேஷன் கிளாஸுக்குப் போகும்போது பையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்கிறாள், ரயிலில் மோந்துகொள்ள. எத்தனையோ தரம், விட்டுடும்மா என்றேன். "அம்மா என்னப்பா நினைப்பா?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவாள்.

பத்தாவது ரிசல்ட்டை நம் கடைக் கம்ப்யூட்டரிலேயே பார்த்தோம். கணக்கில் தொண்ணூற்றொன்பது. சயின்ஸில் அறுபத்தெட்டு. அந்த அறுபத்தெட்டைப் பார்த்ததும் எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது. அப்பன் படக்கூடாத சந்தோஷம். இனி பயாலஜி கேட்டாலும் கிடைக்காது என்று நினைத்தேன்.

பிரின்சிபால் மேடமும் அதைத்தான் சொன்னார். "கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் தரேன் ரம்யா. மேத்ஸ்ல இவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கே, நல்லா வருவே." நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட எழுந்தே விட்டேன்.

அதற்குள் ரம்யா பையைத் திறந்து அந்த லேமினேஷனை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "மேடம், இது எங்க அம்மா எழுதினது. நான் எல்கேஜி சேரும்போது, இதே ஸ்கூலுக்கு." விரலால் அந்தக் கட்டத்தைக் காட்டினாள்.

மேடம் அதை நெடுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ரம்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா ஆசீர்வாதம் இருக்கும்மா. ஒழுங்கா படி, பயாலஜியே தரேன்," என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொல்லணுமா சார்?" என்று கேட்டார்.

சொல்ல இருந்தது. ஆறு வருஷமாக இருந்தது. "தேங்க்ஸ் மேடம்," என்றேன்.

அன்று மத்தியானம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவளை உட்கார வைத்தேன். ஒன்றை விடாமல் சொன்னேன். காலியாக விட்ட கட்டம், ஜன்னல் அம்மா, ராட்டினம், நான் சொன்னது, நீ சொன்னது, எல்லாம். கத்துவாள், அழுவாள், என்னோடு பேச மாட்டாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அவள் சிரித்தாள் விஜயா. எழுந்து வந்து என் தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"எனக்குக் கஷ்டமா இருக்கும்னு இப்படிச் சொல்ற, இல்ல? நீ ரொம்ப நல்லவன்ப்பா."

"இல்லம்மா, சத்தியமா. உங்க அம்மா மேல சத்தியமா."

"ப்பா, இது அம்மா கையெழுத்தா இல்லையா?"

"கையெழுத்து அவளுதுதான். வார்த்தை என்னுது."

"பொண்ணு பாக்க வந்தப்ப பாடச் சொன்னதுக்கு, பாட வராது, வேணும்னா சைக்கிள் ஓட்டிக் காட்டறேன்னு சொன்னவ அம்மா. நீதானே சொல்லியிருக்க? யாரு சொன்னாலும் கேக்க மாட்டான்னு நீதானே எப்பவும் சொல்லுவ? அவளா நீ சொன்னதுக்காக எழுதுவா?"

நீ இல்லாத வீட்டில் உன்னை உயிரோடு வைத்திருக்க, உன் பிடிவாதக் கதைகளைத்தான் சோற்றோடு சேர்த்து ஊட்டினேன். அத்தனை கதையும் இப்போது எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"சரி, அம்மா எழுதலன்னே வச்சுக்கோ," என்றேன் கடைசியாக. "உனக்கு என்னம்மா பிடிக்கும்?"

அதற்குத்தான் அவள் முகம் மாறியது. ஜெராக்ஸ் மெஷின் மூடியைத் திறந்து மூடினாள். "தெரியலப்பா," என்றாள். "நான் அதை யோசிச்சதே இல்ல." பிறகு, "யோசிக்கச் சொல்லாதப்பா, பயமா இருக்கு," என்றாள்.

மூன்றரை வயதிலேயே விடையை எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டேன். கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

நேற்று அவள் இல்லாத நேரத்தில் அந்த லேமினேஷனை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக் கிழிக்கப் பார்த்தேன். மகா பாவிதான், ஒப்புக்கொள்கிறேன். ஓரம்கூட மடங்கவில்லை. என் வேலை அவ்வளவு சுத்தம். கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் உன் எழுத்தின் மேல் கத்தரியை வைக்க எனக்குக் கை வரவில்லை. பழையபடி அவள் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

இன்று காலை ப்ளஸ் ஒன் ஃபார்மை நகல் எடுக்கக் கடைக்குக் கொண்டு வந்தாள். நாளைக்குக் கொடுக்க வேண்டும். எல்லாக் கட்டத்தையும் அவளே நிரப்பியிருந்தாள். இந்த ஃபார்மிலும் அந்தக் கட்டம் இருக்கிறது. மெஷின் கண்ணாடிமேல் கவிழ்த்து வைக்கும்போது பார்த்தேன். ஒரு நிமிஷம் பழைய ஃபார்மைத்தான் மாற்றிக் கொடுத்துவிட்டாளோ என்று நினைத்தேன். அதே வார்த்தை, அதே எழுத்து. முதல் எழுத்து 'D'யின் வயிற்றை நீ கொஞ்சம் பெரிதாக வளைப்பாயே, அப்படியே வளைத்திருக்கிறாள். "உன் கையெழுத்து எப்பம்மா இப்படி ஆச்சு?" என்று கேட்டேன். "லேமினேஷன் மேல பேப்பர் வச்சு தினம் எழுதிப் பாப்பேன்ப்பா. நாலாவதுலேர்ந்து," என்றாள். அந்த ஒரு வார்த்தையைத்தான் எழுதிப் பார்த்திருக்கிறாள் விஜயா, ஆறு வருஷமாக.

நகல் எடுத்தேன். வழக்கம்போல் ஒன்று கூடுதலாக எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. உனக்கு ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். ப்ளஸ் ஒன் முடியும்போது ஒரு தரம் சொல்வேன். ப்ளஸ் டூ பரீட்சைக்கு முன்னால் ஒரு தரம். அவள் பையில் எலுமிச்சம்பழத்தைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் சொல்வேன். அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவள் நினைத்தாலும் சொல்வேன். என்றைக்காவது அவள் ஒரு ஃபார்மில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால், ஜன்னலில் யார் அதைத் திருப்பித் தள்ளினாலும், நான் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்பேன். கடை திறக்க எவ்வளவு நேரமானாலும் சரி.

ஆனால் நான் எத்தனை தரம் சொன்னாலும் என் பேச்சு எடுபடாது. நீயும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறாய், மறந்துவிடாதே. பொண்ணு வந்து கேட்டுவிட்டாள் விஜயா. ஒரே ஒரு தரம் வந்து என்னைக் கை காட்டிவிட்டுப் போயேன்.

இப்படிக்கு,
நீ ஒரே ஒரு நாள் பேச்சைக் கேட்ட உன் புருஷன்,
ரம்யாவின் அப்பா