சோப்புத் தண்ணீர்

மார்ச் 4
காலையில் வேதியியல் கட்டடத்தில் தங்க நானோ துகள் தயாரித்தேன். மதியம் எதிரே உள்ள உயிரியல் கட்டடத்தில் அதைப் புற்றுநோய்ச் செல்கள் மேல் ஊற்றினேன். வழக்கம்போல் செத்தன. வேதியியலில் வழிகாட்டி சார், உயிரியலில் மேடம். இருவருக்கும் நான் செல்லப்பிள்ளை. கட்டுரை அடுத்த மாதம் அச்சாகும். அது வந்தால் ஆய்வேடு, பட்டம். "அப்போ என் பொண்ணு டாக்டர்தான்!" என்றாள் அம்மா, போனில்.

மார்ச் 7
செல் வளர்ப்பு அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தட்டுகளை அடுக்கியபடியே கேட்டார்: "துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க ஒரு சோப்பு போடுவியே, அத மட்டும் ஊத்திப் பாத்தியா?"

இல்லை.

மேடம் பார்த்திருப்பார் என்று சார் இருந்துவிட்டார். சார் நன்றாகக் கழுவித்தான் அனுப்புவார் என்று மேடம் இருந்துவிட்டார். நான்? சாமான் சுமந்து போய் வந்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 10
கழுவிய பிறகும் மிஞ்சும் அளவுக்குச் சோப்பை மட்டும் ஊற்றினேன். துளித் தங்கம் இல்லை. செல்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன. மூன்று வருடம் போச்சு. அழுகை வரும் என்று நாற்காலியில் காத்திருந்தேன். கொட்டாவிதான் வந்தது.

மார்ச் 11
சாரிடம் சொன்னேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். "மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"இப்பவே சொல்லணுமாம்மா?"

மார்ச் 12
சொல்லவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன்.

மார்ச் 14
முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து மின்னஞ்சல். மாநாட்டில் என் பேச்சைக் கேட்டாளாம். அதை வைத்தே தன் ஆய்வைத் தொடங்கப் போகிறாளாம், செய்முறை வேண்டுமாம். ஐயோ, வேண்டாம்டி. உனக்கும் மூணு வருஷம் போகணுமா?

நேரே மேடத்திடம் போய்ச் சொன்னேன். "நீயும் கேக்கல, நானும் கேக்கல" என்றார். நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2
கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. சார் கடிதத்தில் கையெழுத்து மட்டும் போட்டார்.

ஜூன் 19
சோப்பை முழுக்க நீக்கிய துகள். செல்கள் ஜம்மென்று வளர்கின்றன. பதிவேட்டில் "பாதிப்பு இல்லை" என்று எழுதினேன். மின்னஞ்சல் எழுதிய பெண்ணுக்கும் அந்த முடிவை அனுப்பினேன்.

ஜூலை 1
முதலாமாண்டு மாணவர்களுக்கான செல் உயிரியல் வகுப்பு, அடிப்படையிலிருந்து. யாரும் சொல்லவில்லை, உட்கார்ந்து படிக்க நானாகத்தான் பெயர் கொடுத்திருந்தேன். உள்ளே போனால் கடைசி வரிசையில் சார், கையில் புது நோட்டு. நகர்ந்து இடம் விட்டார். உட்கார்ந்தேன்.