நூர்ஜஹானின் இன்டர்வியூவில் நானும் இருந்தேன்

என் தங்கமே ஜமாலு, அல்லாஹ் உன் மண்ணறையை வெளிச்சமாக வைத்திருக்கட்டும். உன் அம்மாவின் சலாம்.

நீ ஆரம்பித்து வைத்த நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில்தான் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். உன் நம்பரை அதிலிருந்து இன்னும் யாரும் எடுக்கவில்லை. நான் என் அஞ்சாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதுகிறேன், உன் மகள் ஆயிஷா பார்த்து டைப் அடிக்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் படிக்கட்டும். படித்துவிட்டு வெறும் பூப்படம் அனுப்ப வேண்டாம்.

முதலில் நல்ல சேதி. உன் தங்கச்சியின் பெரிய மகனை மறைமலை நகர் கம்பெனியில் நிரந்தரம் செய்துவிட்டார்கள். காருக்கு பிரேக் செய்கிற இடம். அவன் பார்த்துச் சரி என்று சொல்லாமல் ஒரு பிரேக்கும் வெளியே போகாது என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். கொஞ்சம் கூடுதல்தான், இருக்கட்டும். சின்னவன் குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்து ஹாபிஸ் ஆகிவிட்டான். நம் ஆயிஷா காட்டாங்குளத்தூர் காலேஜில் கடைசி வருஷம். புரோகிராம் எழுதும் போட்டியில் முதல் பரிசு. மேடையில் பெயரைத் தப்பாகப் படித்தார்களாம், இவளே மைக்கை வாங்கித் திருத்தினாளாம். உன் மகளா இல்லையா?

இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அடுத்தது உன் பெண்டாட்டி விஷயம்.

நீ போன மறுவருஷமே நூர்ஜஹானுக்கு வேலை போய்விட்டது. வெளிநாட்டு வங்கிக்காரன் வேலையை வேறு எங்கோ கொண்டுபோனான், இவள் இருந்த குழுவையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுக்குத் தெரிந்தது கோபோல் என்கிற பழைய கம்ப்யூட்டர் மொழி. நீகூடக் கேலி செய்வாயே, “எங்கம்மாவும் நூரோட மொழியும் ஒரே செட்டு” என்று. எனக்கும் அந்த மொழிக்கும் பிறகு வந்தது எத்தனையோ, ஆனால் வங்கிகளில் பணம் போடுவதும் எடுப்பதும் இன்றைக்கும் நிறைய இடத்தில் அந்த மொழியில்தான் ஓடுகிறதாம். எழுதினவர்கள் ரிட்டையர் ஆகிவிட்டார்கள். புதுப் பிள்ளைகள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு.

ஆனால் போனில் கூப்பிடுகிறவர்கள் கேட்பது வேறு.

“ஜாவா தெரியுமா மேடம்?”

“கொஞ்சம் தெரியும்.”

“கிளவுட்?”

“இல்லீங்க.”

“அப்ப உங்க ப்ரொஃபைல் செட் ஆகாது மேடம்.”

இன்னொருத்தி வயசைக் கேட்டாள். “ஓ... சரி, சொல்றேன்” என்று வைத்தவள்தான். மற்றொருத்தி போட்டோவை மாற்றச் சொன்னாள். வேலை தேடும் தளத்தில் நூர் வைத்திருப்பது நாம் கோவளம் போனபோது எடுத்த படம். உன்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் வைத்திருக்கிறாள், ஆனாலும் ஓரத்தில் உன் நீலச்சட்டைத் தோள் கொஞ்சம் தெரியும். மாற்ற மாட்டேன் என்றுவிட்டாள். ஆள் இல்லை என்கிறார்களே, வாசலில் நிற்கிற ஆள் இவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா ஜமாலு?

போன மாதம் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. அன்றைக்குத்தான் நூர் சொன்னாள், “இதுவும் வரலேன்னா நான் கடலூருக்கு அண்ணன் வீட்டுக்கே போயிடறேன் மாமி. கடையைப் பார்த்துக்க ஆள் வேணும்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. ஆயிஷா ஹாஸ்டல்ல இருக்கட்டும். நீங்க பல்லாவரத்துல உங்க மக வீட்டுக்கு...” முடிக்கவில்லை. ஆனால் பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள். நீ பார்த்துப் பார்த்துக் கட்டின வீடு மூன்று திசையாகப் போக அந்த ஒரு பெட்டி போதும்.

இன்டர்வியூ வீடியோவில். ஹாலில் உட்கார முடியாது, ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் ஹாரன் எல்லாம் நம் ஹாலுக்குள்தான் அடிக்கும், உனக்குத் தெரியும். பின்னறையில் லேப்டாப்பை வைத்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன்.

“மாமி, போகாதீங்க. அந்த பீரோ பக்கத்துல உக்காருங்க. கையெல்லாம் சில்லுனு இருக்கு.”

உட்கார்ந்தேன். காமிராவுக்கு நான் தெரிய மாட்டேன். திரையில் தாடி வைத்த ஒரு சார், கண்ணாடி போட்ட ஒரு மேடம்.

“ரூம்ல தனியாத்தான இருக்கீங்க?” என்று அந்த சார் கேட்டார்.

“ஆமா சார்” என்றாள் நூர்.

வீட்டுக் கிழவியை யார் ஆள் கணக்கில் சேர்க்கிறார்கள்? எனக்கும் அது பொய்யாகப் படவில்லை.

அவர்கள் ஒவ்வொரு கேள்வி கேட்டதும் நான் தஸ்பீஹ் மணியை உருட்டி, “யா ஃபத்தாஹ், கதவைத் திறப்பவனே” என்று ஓதினேன். நூர் பதில் சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவேன். அவள் சரளமாகப் பேசுவதைக் கேட்க வேண்டாமா? அடுத்த கேள்வி வந்தால் மறுபடி ஓதுவேன். நடுவில் இரண்டு மூன்று தடவை நூர் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். இன்னும் அழுத்தி ஓதச் சொல்கிறாள் என்று நினைத்து, அழுத்தி ஓதினேன்.

அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார். கேள்வி கேட்கிறார்கள். எங்கிருந்தோ ஒரு முணுமுணுப்பு. நூர் பீரோ பக்கம் ஒரு பார்வை. முணுமுணுப்பு நிற்கிறது. பிறகு பதில் வருகிறது.

“ஒரு நிமிஷம் மேடம்,” என்றார் தாடிக்காரர். “லேப்டாப்பை அப்படியே சுத்திக் காட்டுங்க.”

நூர் லேப்டாப்பைத் தூக்கினாள். சுற்றினாள். ஜன்னல், கட்டில், பீரோ, நான்.

“யாரு இவங்க?”

“என் மாமியார் சார்.”

“தனியா இருக்கேன்னு சொன்னீங்க?” இது அந்த மேடம். பிறகு என்னிடம், “அம்மா, காதுல என்ன மாட்டியிருக்கீங்க?”

இந்த வயசில் அந்நிய ஆம்பிளை முன்னால் முக்காட்டை ஒதுக்கி இரண்டு காதையும் காட்டினேன் ஜமாலு. வெறும் தோடுதான்.

“அவங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தீங்க?”

“நான் அஞ்சாவதும்மா. சொல்லிக் கொடுக்கத் தெரிஞ்சா நானே வந்து வேலை கேட்டிருக்க மாட்டேனா?”

தாடிக்காரர் சிரித்துவிட்டார். அந்த மேடம் சிரிக்கவில்லை. “இது ப்ராக்ஸியா இல்லையான்னு இங்கிருந்து எங்களுக்குத் தெரியாது. இதோட நிறுத்திக்கலாம்.” திரை கறுத்துப்போனது.

சாயங்காலம் ஆயிஷா வந்துதான் விளக்கினாள். “வேற ஆளு ஒளிஞ்சு உக்காந்து பதில் சொல்லிக் கொடுக்கறதுதான் ப்ராக்ஸி, நன்னிமா. இப்ப நிறைய நடக்குது.” பிறகு குரலைத் தாழ்த்தி, “கோபோலுக்கு ஆளும் கம்மி, ஆள் எடுக்கறவங்களும் கம்மி. எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. ஒரு இடத்துல அந்தப் பேர் விழுந்துச்சுன்னா அம்மாவை வேற யாரும் கூப்பிட மாட்டாங்க.”

நூர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டீ டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். பெட்டியில் ஒவ்வொரு நாளும் துணி ஏறிக்கொண்டே இருந்தது. அவள் அண்ணன் போன் செய்தார், “ஞாயித்துக்கிழமை வண்டி எடுத்துக்கிட்டு வரட்டுமா?” “சொல்றேண்ணே” என்றாள். எனக்கு தஸ்பீஹைக் கையில் எடுக்கவே பயமாக இருந்தது. அல்லாஹ்விடம் கேட்கப் போய் அவள் பிழைப்பைக் கெடுத்தேனா? யாரிடம் கேட்பது இதை?

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு பாங்கு சொல்லும் நேரத்தில் அந்த மேடம் கூப்பிட்டாள். நூர் ஸ்பீக்கரில் போட்டாள்.

“உங்களுக்கப்புறம் இன்னும் சில பேர்கிட்ட பேசினோம் மேடம். அதுல நெஜமாவே ப்ராக்ஸி வெச்சவங்க இருந்தாங்க. எங்களுக்கு வேற ஆள் கிடைக்கல. திங்கக்கிழமை நேர்ல வாங்க, எங்க முன்னாடி உக்காந்து எழுதுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “தனியா வாங்க.”

திங்கள் காலை செருப்பு மாட்டிய நூர், திரும்ப உள்ளே வந்து தஸ்பீஹை என் கையில் வைத்தாள். “இப்ப ஓதுங்க மாமி. சத்தமாவே ஓதுங்க.”

வேலை கிடைத்துவிட்டது ஜமாலு. ஆனால் வந்தவள் சிரிக்கவில்லை, துப்பட்டாவைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“பழைய புரோகிராம் என்ன செய்யுதுன்னு நான் படிச்சுச் சொல்லணும் மாமி. ஏ.ஐ. அதைப் புது மொழியில எழுதும். சரியா எழுதியிருக்கான்னும் நான்தான் பார்க்கணும். ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்.”

“அதுக்கப்புறம்?”

“எல்லாத்தையும் மாத்திட்டா கோபோல் எதுக்கு? நான் நல்லா வேலை செஞ்சா என் வேலை சீக்கிரம் முடிஞ்சுடும்.”

இது என்ன மாதிரி வேலை, சொல். “பயப்படாதீங்க, மாத்தறோம் மாத்தறோம்னு நான் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து சொல்றாங்க” என்கிறாள் உன் மகள். துணியெல்லாம் அலமாரிக்குத் திரும்பிவிட்டது, ஆனால் நூர் பெட்டியைப் பரணில் ஏற்றவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறாள். கூட்டும்போதெல்லாம் துடைப்பம் அதில் இடிக்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து அவள் மறுபடி காமிரா முன்னால் உட்கார வேண்டி வந்தால், நான் அந்த அறையில் இருக்க மாட்டேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று ஜங்ஷனுக்கே கேட்கிற மாதிரி ஓதுவேன். கீழே அவர்கள் “தனியாத்தான இருக்கீங்க?” என்று கேட்டால் அவள் உண்மையையே சொல்லிக்கொள்ளட்டும்.

நூரு, நீயும் இதைப் படிப்பாய். ஆபீஸ் கார்டுக்காக கேம்ப் ரோடு ஸ்டுடியோவில் புதுப்படம் எடுத்தாயே, அதை ஏன் யாருக்கும் காட்டவில்லை? கோவளத்துப் படம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. இந்தப் புதுசைக் குழுவில் போடும்மா. அதில் நீ தனியாகத்தான் இருப்பாய், தெரியும். இருந்தாலும் போடு. ஜமாலும் இந்தக் குழுவில்தானே இருக்கிறான்.

ஜமாலைப் பெற்றவள், நூருவின் மாமி,
சபுரா