பெயரும் நட்சத்திரமும்

2009 ஜனவரி 22, வியாழன்

மைனஸ் இருபத்து மூன்று. லியோனல்-குரூ மெற்றோ ரயில் நிலையத்திலிருந்து தேவாலயத்துக்கு எட்டு நிமிட நடை. போய்ச் சேரும்போது மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கவேண்டியிருந்தது.

பல்கலைக்கழகத்தில் இசை படிக்கிறேன் என்றால் எங்கள் ஆட்கள் உடனே கேட்பது, "வீணையோ, வயலினோ?" இந்தத் தவணை கறுப்பின மக்களின் சமயப் பாடல்கள் என்றொரு பாடம் எடுத்திருக்கிறேன் என்று சொன்னால் கதை அதோடு நின்றுவிடும். பாதிப் புள்ளி கட்டுரைக்கு. மீதி, இந்தத் தேவாலயத்தின் கொஸ்பெல் பாடகர் குழுவோடு நின்று பாடுவதற்கு.

இங்கே இசை எழுதிய தாள் கிடையாது. மிஸ் எட்னா பியானோவில் இருந்தபடி ஒரு வரி பாடுவார், நாங்கள் திருப்பிப் பாடவேண்டும். பிடித்தால் பிடித்தது. நான் களவாக ச-ரி-க எழுதினேன். பக்கத்தில் நிற்கும் யோலாண்ட் (ஹெயிட்டிக்காரி, ஆஸ்பத்திரியில் தாதி) என் கொப்பியை மூடி, "பேப்பரை விடு, என்னைக் கேள்" என்றாள். எரிச்சலாக வந்தது. ஒன்பது வருடம் கோயில் மண்டபத்தில் சங்கீதம் படித்தவள் நான்!

ஜனவரி 30, வெள்ளி

கோயில். அம்மா அர்ச்சனைச் சிட்டை வாங்கி, ஐயரிடம் வழக்கம்போல அப்பா, நான், அண்ணை என்று மூன்று பேரைச் சொன்னார். "பேரின்பநாதன், பூரம். தாட்சாயினி, சித்திரை. ரதீசன், உத்தரட்டாதி." தன் பெயரைச் சொல்லமாட்டார். மூன்றாவது பெயரை இப்போது கொஞ்சம் உரத்துச் சொல்கிறார். ஐயருக்குக் காது கேட்காது என்றா, கடவுளுக்கா?

அண்ணையின் தொலைபேசி வந்து பதினேழு நாள். கிளிநொச்சியில் சைக்கிள் கடை வைத்திருந்தான். சண்டையால் கடையை விட்டு வந்துவிட்டேன், சனத்தோடு சனமாகக் கிழக்கே போகிறேன் என்றான். அவ்வளவுதான்.

98இல் அப்பா எங்களை இங்கே கூப்பிட்டபோது அவனுக்குப் பத்தொன்பது தாண்டிவிட்டது. கனடாச் சட்டப்படி அவன் பிள்ளை இல்லையாம். அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினார். அதைப்பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

இந்தக் கொப்பியைத் தமிழில் எழுதுவதும் அவனால்தான். "தமிழை விட்டிடாதை. பேந்து என்னோட என்னத்தில கதைப்பாய்?"

பெப்ரவரி 12, வியாழன்

ஏப்ரல் கச்சேரியில் எனக்கு ஒரு தனிப்பாட்டு. மிஸ் எட்னா கேட்டதும் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டேன். வீட்டில் சொன்னபோது அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வீடு கிடக்கிற கிடையில உனக்குப் பாட்டுக் கேக்குது, என்ன?"

நியாயமான கேள்விதான். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மாடிப்படி முழுக்க எல்லா வீட்டிலிருந்தும் ஒரே செய்திக் குரல் வருகிறது. எனக்கு ஓடிப்போய் நிற்க ஒரு இடம் வேண்டும். வியாழக்கிழமைகளில் அந்த இடம் இருக்கிறது.

கட்டுரையின் முதல் வரைவு திரும்பி வந்தது. ஓரத்தில் பேராசிரியர் எழுதியிருக்கிறார்: "எல்லாரும் சொன்னது இருக்கிறது. நீ காதால் கேட்டது எங்கே?"

பெப்ரவரி 27

அண்ணையிடமிருந்து தொலைபேசி இல்லை.

மார்ச் 26, வியாழன்

கடைசி ஒத்திகை. முடிவில் ஒரு பனையோலைக் கூடை, இல்லை, அதுபோல ஏதோ ஒரு கூடை சுற்றி வந்தது. சிறிய தாள்களும் பென்சிலும். "யாருக்காகப் பாடுகிறாயோ அவர் பெயரை எழுதிப் போடு, கச்சேரியில் வாசிப்போம்" என்றார் மிஸ் எட்னா. மற்றவர்கள் மளமளவென்று எழுதினார்கள். யோலாண்ட் எழுதி முடித்துத் தாளை முத்தமிட்டாள்.

எனக்கு ஒருவரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை. அர்ச்சனை எங்கேயும் அர்ச்சனைதானே. ஆங்கில எழுத்தில் வடிவாக எழுதினேன்: ரதீசன், உத்தரட்டாதி. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவனுக்காக ஏதோ ஒன்று செய்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 5, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதித் தீர்க்கவேண்டும்.

அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிப்போனது நான்தான். "அண்ணைக்காகத்தான் பாடுறன் அம்மா, பேரும் குடுத்திருக்கிறன்" என்றதும் சாமிப் படத்துக்குப் பூ வைத்துவிட்டுப் புறப்பட்டார். சேலைக்கு மேல் பெரிய குளிர்க் கோட்டு. மூன்றாம் வரிசை. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு வயதான பெண்.

இடைவேளைக்குப் பிறகு மிஸ் எட்னா கூடையைத் தூக்கினார். "எங்களுக்கு முன் வீடு போய்ச் சேர்ந்தவர்கள்" என்றார். ஒரு பெயர், ஒரு மணி. ஒரு பெயர், ஒரு மணி. அடுத்தது யோலாண்டின் அம்மாவின் பெயர். அவர் இறந்து ஐந்து வருடம். யோலாண்டே சொல்லியிருக்கிறாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லாரும் செத்த ஆட்கள். கூடை முழுக்கச் செத்த ஆட்கள்.

பாய்ந்து பிடுங்கியிருக்கலாம். கத்தியிருக்கலாம். நட்சத்திரத்தைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, மிஸ் எட்னா கவனமாக, மரியாதையாக, தடுக்கித் தடுக்கி வாசித்தார். "ரதீசன் உத்தரட்டாதி."

மணி.

அம்மா எழுந்தார். கைப்பையை எடுத்தார். நடுவழியால் நடந்து போனார். அடுத்தது என் தனிப்பாட்டு. பின்னால் ஓடியிருக்கவேண்டாமா? ஓடேல்ல. பாடினன். நல்லாப் பாடினன்! ஒரு நாளும் அப்பிடிப் பாடினதில்லை. சனம் எழும்பி நிண்டு கை தட்டிச்சு. அதை நினைக்கத்தான் என்னைக் கண்டாலே எனக்குப் பிடிக்கேல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினியில் நின்றார்.

"பக்கத்தில இருந்த மனிசி என்ர கையைப் பிடிச்சு 'சொறி ஃபோர் யுவர் லொஸ்' எண்டு சொல்லுது. எனக்கு அது தெரியாதெண்டு நினைச்சியோ? இஞ்ச எத்தினை செத்தவீட்டுக்குப் போயிருக்கிறன். நட்சத்திரம் சொல்லிக் கும்பிடுறது உயிரோட இருக்கிற ஆக்களுக்கு. உயிரோட இருக்கிற பிள்ளைக்கு மணி அடிச்சுப்போட்டு வந்து நிக்கிறாய்."

அது அர்ச்சனை என்று நினைத்தேன் என்று சொன்னேன். எனக்கே கேவலமாகக் கேட்டது.

ஏப்ரல் 17, வெள்ளி

பாடலுக்கு 'ஏ' வந்திருக்கிறது. அம்மா பதின்மூன்று நாளாகக் கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டு மூடி வைக்கிறார். "அம்மாட்டப் பேந்து கதை பிள்ளை, இப்ப வேண்டாம்" என்கிறார் அப்பா. அவரும் ஆர்ப்பாட்டத்துக்கு என்று ஒட்டாவா பஸ்ஸில் போய்விடுகிறார்.

மிஸ் எட்னா மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தார். அவர் மேல் என்ன பிழை? கேட்டிருக்கவேண்டியது நான். எல்லாம் தெரியும் என்கிற கொழுப்பு.

மே 19, செவ்வாய்

சண்டை முடிந்ததாம். அப்பா தொலைக்காட்சியை நிறுத்திவிட்டார். ஒருவரும் சாப்பிடவில்லை.

ஜூன் 24, புதன்

முகாம்களிலிருந்து வரும் பெயர்ப் பட்டியல்களை அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்து வாசிக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் மூன்று பெயரும் சொல்கிறார். என்னுடையதையும் சொல்கிறார், என்னைப் பார்க்காமல்.

நான் பாடுவதை விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்பதுகூடப் பொய். வாயைத் திறந்தால் மணி கேட்கிறது. கோடை முழுக்க வில்லரேயில் ஒரு டெப்பனரில், மூலைக்கடையில், வேலை. பொன்ஜூர், மெர்சி. அதற்குக் குரல் காணும்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

அண்ணையின் கடையில் வேலை செய்த துஷாந்தன் முகாமிலிருந்து தொலைபேசியில் கதைத்தான். மூன்று நிமிடம்.

மாத்தளனில். ஷெல். அண்ணைக்கு அவனே குழி வெட்டியிருக்கிறான். திகதி சரியாகத் தெரியாதாம், மார்ச் முதல் கிழமை என்கிறான்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அம்மா அழவில்லை. விரலை மடக்கி மடக்கி எண்ணினார். எண்ணக்கூடாது என்று நினைத்தபடியே நானும் எண்ணினேன். மார்ச் முதல் கிழமையிலிருந்து ஏப்ரல் நாலு. முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு இரண்டு மூன்று நாள் முன்பின். கூடையில் பெயரைப் போட்டபோது அவன் மண்ணுக்குள் இருந்திருக்கிறான்.

எண்ணி முடித்து அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். நாலு மாதத்துக்குப் பிறகு.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

யோலாண்ட் வந்தாள். நான் சொல்லவில்லை, மிஸ் எட்னாவுக்கு மட்டும் எழுதியிருந்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பாயில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். இருவருக்கும் பொதுவாக நாலைந்து பிரெஞ்சுச் சொல்தான்.

திடீரென்று அம்மா வாய்விட்டு அழத் தொடங்கினார். "பத்தொன்பது எண்டு விட்டிட்டு வந்தனே, என்ர ராசா!" பதினொரு வருடமாகச் சொல்லாதது. நான் பயந்து எழும்பப் போனேன். யோலாண்ட் கையால் என்னை இருத்தினாள். பிறகு வாயை மூடியபடி, கீழே ஒரு சுருதியைப் பிடித்தாள். அம்மா மூச்சு எடுக்கும் இடமெல்லாம் அவள் குரல் கிடந்தது. ஒத்திகையில் எத்தனை தரம் செய்திருக்கிறோம். நான் இன்றுதான் கேட்டேன்.

அவள் போனபிறகு அம்மா, "ஆர் அவ? தண்ணிகூடக் குடுக்கேல்ல நாங்கள்" என்றார்.

செப்டம்பர் 10, வியாழன்

முப்பத்தொன்று முடிந்து இரண்டு நாள். திதி தெரியாதபடியால் இனி வருடா வருடம் அமாவாசையில் திவசம். ஒத்திகை தொடங்கிவிட்டது. போய்க் கடைசி வரிசையில் நின்றேன். பாடவில்லை, நின்றேன்.

2010 மார்ச் 25, வியாழன்

ஒத்திகைக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றார்.

"உங்கட ஆக்கள் இந்த முறையும் பேர் வாசிப்பினமோ?"

"ஓம் அம்மா. இண்டைக்குத்தான் கூடை வரும்."

"மணியும் அடிப்பினமோ?"

"ஓம்."

கையில் இருந்ததைத் தந்தார். கலண்டரில் கிழித்த தாள், நாலாக மடித்தது. "போன முறை பிழையா வாசிச்சவை. நீ சொல்லிக் குடு" என்றார். தன் குளிர்க் கோட்டை நான் எந்த அலுமாரியில் வைத்தேன் என்று கேட்டார். கச்சேரியன்றைக்குப் போட்டுக்கொண்டு வருவதற்காம்.

மெற்றோவில் பிரித்துப் பார்த்தேன். அம்மாவின் வட்ட எழுத்து. ரதீசன். அவ்வளவுதான். நட்சத்திரம் எழுதவில்லை.