போடிமெட்டைச் சுற்றி வந்த குரல்

இன்று காலை தூசு தட்டுவதற்காக ரூட்டரின் மூடியைக் கழற்றினேன். லேசாக ஏலக்காய் வாசனை வந்தது. எஸ்டேட்டிலிருந்து ஏலக்காய்ப் பெட்டிக்குள் வைத்து நீங்கள் பஸ்ஸில் அனுப்பிய ரூட்டர் அது. நீங்கள் எங்களை விட்டுப் போய்ப் பத்து மாதம் ஆகிவிட்டது, சிஸ்டர்.

நீங்கள் இடுக்கி மலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ். நான் கொழிஞ்சாம்பாறையில் கணக்கு டீச்சர். இருவருக்கும் அமெச்சூர் வானொலி உரிமம் இருந்தது. நடுவில் மலைகளும் இருந்தன. உங்கள் குரல் நேராக என் ஊருக்கு எட்டாது. அதனால் இணையத்துக்குள் வி.பி.என். சுரங்கம், அதாவது நமக்கு மட்டுமான தனி வழி ஒன்று போட்டு, உங்கள் வானொலியையும் என் வானொலியையும் இணைத்தோம். கேபிள் வழியே உங்கள் குரல் தெளிவாக வந்தது. எனக்கு அதுவே போதும்.

உங்களுக்குப் போதவில்லை. போடிமெட்டில் ஒரு ஆண்டெனா வைத்து, மலையிலிருந்து குரல் காற்றுவழியே போடிநாயக்கனூருக்கு இறங்கி, அங்கே நம் வானொலி நண்பர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து இன்னொரு சுரங்கம் வழியாக எனக்கு வர வேண்டும் என்றீர்கள். ஒரு வழி அடைபட்டால் ரூட்டர்கள் தாமாகவே மற்ற வழிக்கு மாறிக்கொள்ளும்படி நான் கட்டளைகள் எழுதித் தர வேண்டும்.

“ஏனுங்க சிஸ்டர், இருக்கறது நல்லாத்தானுங்களே ஓடுது? இத்தன சுத்து எதுக்குங்க?” என்று கேட்டேன்.

“நல்லா ஓடும்போதுதான் டீச்சர் செய்ய முடியும்” என்றீர்கள்.

மனமில்லாமல்தான் எழுதிக் கொடுத்தேன். விடுமுறை நாட்களில் உங்கள் வீட்டுக்காரரோடு கம்பியும் கம்பமும் சுமந்து போடிமெட்டுக்குப் போனீர்கள். மூன்றாவது முறைதான் ஆண்டெனா சரியான திசையில் நின்றது. ஒரு சலிப்பும் உங்கள் பேச்சில் இல்லை.

அந்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் உங்கள் மலையில் மண் சரிந்து ரோடும் கேபிளும் போயின. அங்கே செல்போனும் செத்துவிட்டது. நம் நேர்ச் சுரங்கம் அறுந்ததைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் தடம் மாறியது. போடி வழியாக உங்கள் குரல் வந்தது.

எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. குழந்தை நலம். தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை, ரத்த அழுத்தமும் அதிகம். கையில் இருக்கும் இரண்டு ஊசிகளில் எதைப் போடலாம், எவ்வளவு போடலாம் என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னீர்கள். பொள்ளாச்சியில் எனக்குத் தெரிந்த டாக்டரம்மாவைப் போனில் பிடித்தேன். ஒரு காதில் அவர், ஒரு கையில் மைக். அவர் சொன்னதை நான் சொல்ல, நீங்கள் திருப்பிச் சொன்னீர்கள். உங்கள் குரல் நிதானமாகவே இருந்தது. ஒரு ஊசி ரத்த அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடும், அதைத் தொடவே கூடாது என்றார். அதன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன்; மற்றதன் அளவையும் சொன்னேன்.

பிறகு முக்கால் மணி நேரம் மைக்கைக் கையிலேயே வைத்திருந்தேன். அப்புறம், “ரத்தம் நின்னுட்டு டீச்சர். பிள்ளை பால் குடிக்கான்” என்றீர்கள். கொஞ்சம் பொறுத்து, “நீங்க உங்க வார்த்தை ஒண்ணுகூட சேக்கல. அதான் காப்பாத்திச்சு” என்றீர்கள்.

வழி போட்டது நீங்கள், பாராட்டு எனக்கு. உங்கள் சுபாவமே அப்படி. அன்றைக்கே நான் ஒன்று சொல்லியிருக்க வேண்டும்: சுற்று எதற்கு என்று கேட்டது என் தப்பு. அடுத்த முறை பேசும்போது சொல்லலாம் என்று விட்டேன். பிறகு உங்கள் நோய் வந்தது. அப்போதும் நீங்கள் ஆண்டெனாவைப் பற்றித்தான் பேசினீர்கள்.

போன வாரம் முதலமடை வானொலி நண்பர் ஒருவர் தன் வீட்டுக்கும் நம் வலையில் இரண்டாவது வழி வேண்டும் என்று என்னை வரச் சொன்னார். ஒரே ஒரு சுரங்கம் போதாதா என்று அங்கே இருந்த ஒருவர் கேட்டார். ஆண்டெனாவுக்கு இடம் பார்க்க ஏணியை எடுத்துக்கொண்டு நண்பர் வீட்டு மாடிக்கு ஏறினேன்.