சரிவில் படுத்திருந்த பேன்ட்டுகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாகவே இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை, அது நம் குடும்ப வழக்கம்தானே. உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்ல நினைத்து நான்கு முறை எடுத்தேன், நான்கு முறையும் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முப்பது வருடம் நகராட்சி வடிகால் பிரிவில் கோப்பு எழுதியவனுக்கு எழுத்தில்தான் வாய் வரும்.

நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவைக் காட்டி நீ போன தடவை சொன்னதற்கு நான் பேசிய பேச்சு உனக்கு மறந்திருக்காது. சிமென்ட்டை உடைங்க, மண்ணை ஒரு அடி கொத்தி மட்கிய உரத்தைக் கலந்துவிடுங்க, தண்ணியை அந்த மண்ணே குடிச்சுக்கும் என்றாய். வடிகாலைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கத்தினேன். நீ கிளம்பும்போது ஸ்டேஷனுக்கும் வரவில்லை. நான் அங்கே சிமென்ட் போட்டு ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து நம் கூரைத் தண்ணீர் முழுவதும் வழுக்கிக்கொண்டு கீழே உன் சித்தப்பா வீட்டுக்குத்தான் போனது. அவன் என்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம், அந்த மழைக்காலமே நகராட்சிக்கு மனு எழுதினான். அது என் மேசைக்கே வந்தது. நீர் தாழ்வான இடத்திற்குச் செல்வது இயற்கை என்பதால் நடவடிக்கை தேவையில்லை என்று என் கையாலேயே பதில் எழுதி, முத்திரை குத்தி அனுப்பினேன். அத்தோடு பேச்சு நின்றது. எனக்கு வரவேண்டிய பதவியைப் பிடுங்கிக்கொண்ட அந்த மேலதிகாரியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை, ஆனால் நான் தம்பிக்கு எழுதியதுபோல் ஒரு கடிதத்தை அவர்கூட எனக்கு எழுதியதில்லை.

நீ போன பத்தாம் நாள் பெரிய மழை. மறுநாள் காலை மாடியிலிருந்து பார்த்தால், உன் சித்தி தன் தையல் மெஷினைச் செங்கல்மேல் ஏற்றி வெயிலில் காயவைத்து, சேறு பட்ட துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்துகொண்டிருக்கிறாள். எல்லாம் யாரோ தைக்கக் கொடுத்தவை. என் பக்கம் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உன் அம்மாவும் பார்த்தாள், இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சிமென்ட் உடைக்க ஆளைக் கூப்பிட்டேன்.

சந்தைக் குப்பையை மட்கவைக்கும் கொட்டகையிலிருந்து ஒரு வண்டி உரம் இறக்கினேன். உள்ளே கைவிட்டால் சுட்டது, நாற்றம் வேறு, இன்னும் மட்கவே இல்லை. அவசரப்படாதீங்கப்பா என்று நீ சொன்னதை அங்கேதான் மறந்திருந்தேன். இரண்டு மாதம் புரட்டிப் புரட்டிப் போட்டபின் நல்ல மண்வாசனை வந்தது. கொத்திய மண்ணில் கலந்து மேலே சருகு பரப்பினேன். உரம் அடைத்த நீளமான துணிக்குழாய்களைச் சரிவுக்குக் குறுக்கே போடச் சொல்லியிருந்தாய் அல்லவா, அதற்குத்தான் ஏற்ற துணி கிடைக்கவில்லை. அலமாரியில் என் ஆபீஸ் பேன்ட் பதினொன்று இருந்தன. விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருடமாகியும், என்றாவது கூப்பிடுவார்கள் என்று தேய்த்து மடித்து வைத்திருந்தேன். பத்தை எடுத்தேன். கோணி ஊசியால் துளைபோட்டு, கால்களில் உரத்தை அடைத்து, இடுப்பையும் நுனியையும் கட்டி, வரிசையாகப் படுக்கவைத்துச் சருகால் மூடினேன். முப்பது வருஷம் உக்காந்தே தேஞ்சதுங்க, இப்பதான் வேலை பாக்குதுங்க என்றாள் உன் அம்மா.

போன வியாழக்கிழமை விடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. குடையோடு பின்வாசலுக்குப் போனேன். சித்தப்பா பனியனோடு, செருப்புகூட இல்லாமல், நடுச்சுவர் ஏறிக் குதித்து, சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடிவருகிறான். வந்தவன் மேலே கிடந்த பேன்ட்டை இரண்டு கையாலும் அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்கிறான். மழையில் சருகு விலகி, அவன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. நான் வழுக்கி விழுந்து கிடப்பதாக நினைத்துவிட்டான். பின்னால் போய்க் குடையை அவன் தலைக்குமேல் பிடித்தேன். திரும்பி என்னைப் பார்த்தான், மடியைப் பார்த்தான். "உள்ள நீங்க இல்லையா?" என்றான். ஆறு வருடம் கழித்து அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

பிறகு இருவரும் கீழே போய்ப் பார்த்தோம். தண்ணீர் ஒவ்வொரு பேன்ட்டாக நின்று நின்று மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, அவன் வாசலுக்கு ஒரு கோடுதான் வந்தது, அதுவும் தெளிவாக. யார் சொன்ன யோசனை என்று கேட்டான். உன்னைச் சொன்னேன். "அதானே பாத்தேன், உங்களுக்கு எங்க தோணப்போகுது" என்றான். வேறு நாளாக இருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த மனுவுக்கு நான் அப்படிப் பதில் எழுதியிருக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அந்தப் பதிலை இன்னும் பீரோவில் வைத்திருப்பதாகச் சொன்னான். இருக்கட்டும், அவனும் என் தம்பிதானே. சித்தி இப்போது தடித்த வலைத்துணியில் நல்ல குழாய்களாகத் தைத்துக்கொண்டிருக்கிறாள், இதற்கும் என் இடுப்பு அளவு வேண்டுமா என்று அம்மாவிடம் கேட்டு அனுப்பினாளாம்.

உனக்கு நன்றி சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேனம்மா. நான் கத்தியபோதும் நீ பொறுமையாக அளவெல்லாம் ஒரு தாளில் எழுதி, என் கண்ணாடிக்கூட்டுக்குள் வைத்துவிட்டுப் போனாயே, அந்தத் தாள் இல்லாவிட்டால் இதில் எதுவும் நடந்திருக்காது. நேரத்துக்குச் சாப்பிடு, பல் வலியைத் தள்ளிப்போடாதே. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். அடுத்து நீ வருவது எந்த ரயில் என்பதை ஒரு வாரம் முன்பே எழுது, மறந்துவிடாதே. பதினோராவது பேன்ட்டைத் தேய்த்து வைத்திருக்கிறேன், ஸ்டேஷனுக்குப் போட்டுக்கொண்டு வர.

உன் அப்பா