பழைய எழுத்துருவில் இருந்த உன் கதைகள்

மாப்ள,

இன்று காலை தேனியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பழைய சிடியைக் கொடுத்தார். திறந்தால் திரை முழுக்கக் கொக்கியும் புள்ளியும். "இந்த ஃபாண்ட் எங்ககிட்ட இல்லண்ணே, திரும்பத்தான் அடிக்கணும்" என்றாள் கடைப்பெண். என்னால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

உத்தமபாளையத்தில் உன் டிடிபி கடையில், பழைய எழுத்துரு இல்லாத புதுக் கணினி வந்த அன்று, இதே மாதிரித் திரைக்கு முன்னால் நீ உட்கார்ந்திருந்தாய். கல்யாணப் பத்திரிகையும் கோர்ட்டு மனுவும் அடிப்பவன் நீ. இடையில் கிடைத்த நேரத்தில் சிறுகதைகள் எழுதி வைத்திருந்தாய் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். சென்னைப் பத்திரிகை ஒன்று அவற்றை எந்தக் கணினியிலும் திறக்கும் யூனிகோடில் கேட்டிருந்தது. திரும்ப அடிக்க உன்னால் முடியாது. டயாலிசிஸுக்காக மதுரைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. விரல்கள் வீங்கிப்போயிருந்தன.

"நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தான, ஒரு வழி பண்ணு மாப்ள" என்றாய்.

ராயப்பன்பட்டியிலிருந்து சாயங்காலம் பஸ் பிடித்து வருவேன். பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் ஓர் அசோசியேட்டிவ் அர்ரே தொடங்கினோம். அகராதி போலத்தான் அது. இடப்பக்கம் பழைய எழுத்துருவின் குறி, நடுவில் ஓர் அம்பு, வலப்பக்கம் வரவேண்டிய தமிழ் எழுத்து. வெறும் அடைப்புக்குறியைத் திறந்துவைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக நிரப்பினோம். நீ கண்ணை மூடியபடி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கொம்பு எழுத்துக்கு முன்னால் வருமா பின்னால் வருமா என்று சண்டையே போட்டோம்.

முதல்முறை ஓட்டியபோது, ழ வரவேண்டிய இடத்திலெல்லாம் ள வந்தது. பிழை என்று கணினி ஒன்றும் சொல்லவில்லை.

"மளை பெஞ்சு வாளை சாஞ்சிருச்சாம். நம்ம ஊர்க்காரன் பேசுற மாதிரியே இருக்கு, விட்ரு" என்று சிரித்தாய். சிரித்ததில் உனக்கு மூச்சு வாங்கியது.

தேடிப் பார்த்தால், ழவுக்குக் கொடுத்த குறியையே ளவுக்கும் கொடுத்திருந்தோம். பின்னால் எழுதியது முன்னால் எழுதியதை அழித்திருந்தது.

"சொல்லாம கொள்ளாமயா?" என்று கேட்டாய்.

திருத்தியபின் ஒரு கதை முழுசாகத் தமிழில் வந்தது. மெதுவாகப் படித்தாய். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாய். "மத்ததை அடுத்த வாரம் பாப்பம்" என்றாய். அடுத்த வாரம் மதுரையிலிருந்து உன்னை வண்டியில் கொண்டுவந்தார்கள். பள்ளிவாசல் மையவாடியில், உன்னைப் பெற்ற அத்தாவுக்குப் பக்கத்தில் நின்று உன் குழியில் நானும் மண் அள்ளிப் போட்டேன்.

மிச்சக் கதைகளைத் தனியாக மாற்றினேன். ஒரு குறி விளங்காவிட்டால் கேட்க ஆளில்லை. அக்கம்பக்கத்துச் சொற்களை வைத்து, நீ என்ன எழுதியிருப்பாய் என்று யோசித்து யோசித்துப் போட்டேன். பத்திரிகையில் உன் கதை ஒன்று வந்தது. நாலு மாதம் பத்து நாள் துக்கமான இத்தா முடிந்தபின் அதை, நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கச்சி வாசல் நிலையில் சாய்ந்தபடியே படித்து முடித்தது.

"அவுக பேசுற மாதிரியே இருக்குண்ணே. கதை எழுதுறாகன்னு ஒருநா கூட எங்கிட்டச் சொல்லலையே" என்றது. பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டது.

"இருக்கும்மா. எல்லாத்தையும் நாளைக்கே கொண்டாந்துர்றேன்."

"வேண்டாண்ணே. மாசத்துக்கு ஒண்ணாக் கொண்டாங்க. ஒரேயடியாப் படிச்சுட்டா அப்புறம் எனக்கு ஒண்ணுமில்லாமப் போயிரும்."

அப்படியேதான் கொடுத்துவந்தேன், மாப்ள. இப்போது ஒரே ஒரு கதை பாக்கி. அச்செடுத்து வெகுநாளாகிறது. கம்பத்துக்குப் போகும்போதெல்லாம் பையில் அதுவும் வருகிறது. உத்தமபாளையத்தில் பஸ் நிற்கும்போது எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். இறங்குவதில்லை. தங்கச்சியும் இதுவரை கேட்கவில்லை.