சுற்றி வந்த செய்தி

அம்மா வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு,

நலம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? இங்கே குறை ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் சொட்டுவதைச் சரிசெய்துவிட்டேன். பூனை உன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது, எழுப்பினால் முறைக்கிறது.

உன் தம்பியைப் பற்றி யாராவது அரைகுறையாகச் சொல்லி நீ பயந்துபோவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். அவன் நன்றாக இருக்கிறான்.

கடலடியில் எரிவாயுக் குழாயை ஒட்டி, அழுத்தமும் நீரோட்டமும் அளக்க நாங்கள் வைத்திருக்கும் உணர்கருவிகளில் ஒன்று போன வாரம் நின்றுவிட்டது. தண்ணீருக்குள் ரேடியோ அலை எடுபடாது. அவை ஒலியால்தான் பேசிக்கொள்ளும். ஆழத்தில் இருப்பது தன் அளவுகளைப் பக்கத்தில் இருப்பதற்குச் சொல்லும், அது அடுத்ததற்கு, கடைசியில் மேலே இருக்கும் மிதவைக்கு. அங்கிருந்து எங்கள் அறைக்கு. நின்றுபோனது நடுவில் இருந்தது. எல்லாச் செய்தியும் அதன் தலைமேலேயே ஏறியதால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிட்டது. அதற்குக் கீழே இருந்தவை எல்லாம் ஊமையாகிவிட்டன.

அளவுகள் நின்றதும் குழாயை மூடிவிட்டோம்; அவை வராமல் திறக்க முடியாது. மேலதிகாரி அவசரப்பட்டார். "ஆளை இறக்கி மாத்திடுங்க" என்றார். அன்றைக்கு இறங்க வேண்டியவன் உன் தம்பி. கடல் மேலே பார்க்க அமைதியாகத்தான் இருந்தது. அடியில் நீரோட்டம் எப்படி என்று சொல்ல வேண்டிய கருவிகள்தான் வாயடைத்துக் கிடந்தனவே. அவன் முக்குளிக்கும் உடுப்பை மாட்டிக்கொண்டு படகில் உட்கார்ந்துவிட்டான்.

நான் மதியம்வரை நேரம் கேட்டேன். பக்கத்து வரிசைக் கருவிகள் வழியாகச் செய்தியைச் சுற்றிக் கொண்டுவர முயன்றேன். ஒவ்வொன்றும் 'கிடைத்தது' என்று பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வராவிட்டால் வேறொன்றிடம் சொல்ல வேண்டும். முதலில் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தி, ஒலியோடு ஒலி மோதி, குப்பைதான் வந்தது. "இதெல்லாம் ஆகற கதையா?" என்று அதிகாரி படகை அனுப்ப ஃபோனை எடுத்தார். "இன்னும் ஒரே ஒரு தடவை சார்" என்றேன். இம்முறை ஒவ்வொன்றுக்கும் தனி நேரம் ஒதுக்கினேன். கொஞ்ச நேரம் திரையில் ஒன்றுமில்லை. பிறகு எண்கள் தயங்கித் தயங்கி வந்தன.

குழாயில் அழுத்தம் சரி. நீரோட்டம், மனிதன் இறங்கத்தக்க வேகத்தைப் போல இரண்டு மடங்கு. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படகு போக வேண்டாம் என்று சொன்னது அவர்தான்.

உன் தம்பி வந்து திரையைப் பார்த்தான். "என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டீங்களே மாமா" என்று சிரித்தான். ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று ஊற்றிக்கொண்டான். நான் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டேன் என்பதுதானே உன் கோபம். அதற்குச் சமாதானம் சொல்ல இதை எழுதவில்லை. இந்தச் சுற்றுவழி அதிக நாள் தாங்காது; மற்ற பேட்டரிகளும் தீர்ந்துவிடும். நீரோட்டம் தணிந்ததும் யாராவது இறங்கியே ஆக வேண்டும். தானே இறங்குவதாக அவன் சொல்லிவிட்டான். படகில் நானும் இருப்பேன்.

அவனைத் தடுக்கச் சொல்லி உன்னைக் கேட்கவில்லை. இறங்குவதற்கு முன் ஒரு தடவை அவனிடம் பேசு. என்னோடு பேசுவது மெல்ல ஆகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் கணவன்